கல்லீரலுக்கு மூலிகையும் ரசாயனமே

"மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்ற பேச்சை நம்பி, சர்க்கரை நோயாளிகள் பலர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுகிறார்கள். மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்ற பயம் இதற்குத் துணை. நம்பிக்கையும் தவறு, பயமும் தவறு.

அந்த மாத்திரைகளில் ஒன்றான மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடி. ஐரோப்பாவில் நீரிழிவுக்குக் கலீகா என்ற செடியைக் கொடுத்துவந்தார்கள். அதிலுள்ள கலீஜின் சர்க்கரையைக் குறைத்தது. ஆடுகளைக் கொல்லும் நஞ்சாகவும் இருந்தது. அதற்கு உறவான மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் தயாரித்தார்கள். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் முடிவுகளை வெளியிட்டார். செடியிலிருந்து மருந்துக்கு வர இத்தனை காலச் சோதனை தேவைப்பட்டது.

இனி, மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு வருவோம். இரவு குறைவாகச் சாப்பிட்டும் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏன் ஏறி நிற்கிறது? இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. விடிய விடியக் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. மெட்ஃபார்மின் முக்கியமாக அந்த உற்பத்தியைத்தான் மட்டுப்படுத்துகிறது. கல்லீரல் அதைச் சிதைப்பதுகூட இல்லை; உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பது அதனால்தான்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் சர்க்கரையைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உடலில் வேலை செய்யும் பொருள் வேண்டாத வேலையையும் செய்யும். அதே பெர்பெரின் கல்லீரல் நொதிகளைத் தடுத்து, வேறு சில மருந்துகள் ரத்தத்தில் தேங்கச் செய்கிறது.

2021இல், சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது சீந்திலைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் ஆட்சேபித்தது. அப்படியே இருக்கட்டும். பொட்டலம் வாங்கிப்போகும் நோயாளிக்கு இரண்டு கொடிக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

மூலிகையில் நஞ்சில்லை என்று சித்த மருத்துவமே சொன்னதில்லை. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்த நல்ல வைத்தியரும் கொடுக்கமாட்டார். அந்த எச்சரிக்கையைக் கைவிட்டு, பாரம்பரியத்தின் பெயரை மட்டும் வைத்து விற்கிறவர்களைத்தான் கண்டிக்கிறேன். எந்தச் செடி, எந்தப் பாகம், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அவர்கள் பொட்டலத்தின்மேல் எழுதட்டும். பக்கவிளைவு இல்லை என்றால், அதற்கான ஆய்வைக் காட்டட்டும்.