தொட்டியில் வாட்டில் வைக்கலாமா?

மார்ச் முதல் வாரம் பேத்தி தோழிகளோடு கொடைக்கானல் போய்விட்டு, திரும்பும் வழியில் செம்பட்டியில் இறங்கினாள். கையில் ஒரு கருப்பு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு முழ உயரத்துக்கு, இறகு மாதிரி இலையோடு ஒரு செடி.

"தாத்தா, இது என்ன சொல்லுங்க பாப்போம்?"

"வாட்டில். ரோட்டோரத்துல பிடுங்கினியா?"

"ஐயோ தாத்தா, இது மிமோசா! நம்ம மொட்டை மாடித் தொட்டியில வைங்க."

அவள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் ஒரு இத்தாலிக்காரப் பெண் சொன்னாளாம். அங்கே மார்ச் 8 மகளிர் தினத்தன்று பெண்களுக்கு இந்த மஞ்சள் பூங்கொத்தைத்தான் கொடுப்பார்களாம். நானும் படித்திருக்கிறேன். 1946-இல் இத்தாலியப் பெண்கள் சங்கத்தார் தொடங்கிய வழக்கம். போர் முடிந்த வறுமையில், அந்தப் பருவத்தில் பூத்துக் கிடந்த, காசு அதிகம் ஆகாத பூ என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு இந்த மரத்தைப் பார்த்ததும் இத்தாலி ஞாபகம் வரவில்லை, அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா 1960-களில் மேஸ்திரி ஒருவரோடு ஆள் சேர்ந்து மலைக்குப் போனவர். வானம் பார்த்த பூமி, கிணறு வற்றிவிட்டால் வேறு வழியில்லை. மேல்மலையில் குழி எடுத்து வாட்டில் கன்று நடும் வேலை. குழிக்கு இத்தனை என்று கூலி. தீபாவளிக்கு முன்னால் ஒரு கம்பளியும் கொஞ்சம் பணமும் கொண்டு இறங்குவார். வாட்டில் விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்காது, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டுத்தான் போடவேண்டும். இதை அவர் அம்மாவிடம் ஒரு பெரிய ரகசியம் போலச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "மலை முழுக்க வெறும் புல்லு மேடு. மரமே கிடையாது. சும்மா கிடந்துச்சு, நாங்க போய் நட்டோம்" என்பார்.

1983-இல் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். பூம்பாறை போகும் வழியில் ஒரு சரிவு முழுக்க மஞ்சள். அப்பா பஸ் ஜன்னலில் கையை நீட்டி, "இதெல்லாம் நம்ம கை வெச்சதுடா" என்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எதற்காக நட்டார்கள் என்பதற்கு நம் திண்டுக்கல்லிலேயே பதில் இருக்கிறது. தோல் ஷாப்புகள் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டைதான். நம் காடு கரையில் தானாக முளைத்து நிற்குமே, அதே ஆவாரை. தென்னிந்தியத் தோலுக்கு வெளிநாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பட்டைதான். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. ஆவாரையைவிட அதில் துவர்ப்புச் சத்து அதிகம். ஏன் அன்னியச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டும், நாமே வளர்க்கலாமே என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் பெரிய அளவில் நட்டார்கள். மரத்தின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே விறகுக்காக ஊட்டிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே இதைச் சீகை மரம் என்பார்கள். பட்டைக்குக் கருப்பு வாட்டில், பூவுக்கு அழகானது வெள்ளி வாட்டில். இத்தாலிக்காரர்கள் மிமோசா என்று கொண்டாடுவது வெள்ளி வாட்டிலைத்தான். உண்மையான மிமோசா எது தெரியுமோ? நம் வரப்பில் கிடக்கிற தொட்டாச்சிணுங்கி! இலை ஒன்றுபோல இருப்பதால் பெயர் மாறிப்போனது.

பின்னால் குரோம் உப்பு வந்து பட்டைக்கு மவுசு குறைந்தது. மரம் மட்டும் நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, பரவியது. வெள்ளி வாட்டிலை வெட்டினால் வேரிலிருந்து பத்துக் கன்று கிளம்பும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், ஒரு காட்டுத்தீ வந்தால் கொத்தாக முளைக்கும். பழனி மலையில் 1973-இல் சுமார் 374 சதுர கிலோமீட்டர் இருந்த புல்வெளி, 2014-இல் 124 ஆகக் குறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத் தோட்டமும் விவசாயமும்தான் காரணம்.

"புல்லுதானே போச்சு" என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் காலை நடைக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அந்தப் புல்லும், அதன் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக் காடும் சேர்ந்துதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மஞ்சளாற்றில் தண்ணீர் வந்தால்தானே தேவதானப்பட்டிப் பக்கம் வயல் நனையும்? காட்டுமாடு மேய்வதற்கும் புல் வேண்டும். அப்பா "சும்மா கிடந்துச்சு" என்று சொன்ன மேடு சும்மா கிடக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவரை அனுப்பிய படித்தவர்களுக்கும் அன்று தெரியவில்லை. மரம் இல்லாத நிலமெல்லாம் தரிசு என்றுதான் அவர்கள் காகிதத்திலும் எழுதியிருந்தது.

இப்போது நீதிமன்றம் அன்னிய மரங்களை அகற்றச் சொல்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. நல்லது. ஆனால் என் கருத்து ஒன்று உண்டு. மெஷினைக் கொண்டுபோய் ஒரேயடியாக மொட்டை அடிப்பது, அன்று ஒரேயடியாக நட்ட அதே அவசரம்தான். வட்டக்கானலில் பல வருஷம் தங்கிச் சோலைக் கன்றுகள் வளர்த்த பாப் ஸ்டூவர்ட், தன்யா பால்கர் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் கவனித்துச் சொன்ன விஷயம் இது: வயதான வாட்டில் மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வாட்டில் விதைக்கு வெயில் கிடைத்து மறுபடி அதுவே முளைக்கும். ஆகவே அடியில் சோலை வருகிற இடத்தை விட்டுவிடலாம். மிச்சமிருக்கிற புல்வெளியின் ஓரத்தில் முளைக்கும் சின்னக் கன்றுகளை வருஷா வருஷம் கையால் பிடுங்கவேண்டும். அந்த வேலையை மேல்மலை ஊர்க்காரர்களுக்கே கூலி கொடுத்துத் தரலாம். நடுவதற்குக் கூலி கொடுத்தார்களே, பிடுங்குவதற்கும் கொடுக்கட்டும்.

பத்திரிகையில் 'களை', 'ஆக்கிரமிப்பு மரம்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பஸ் ஜன்னலில் நீட்டிய அந்தக் கை காய்ப்புக் காய்ச்சிய கை. குளிரில் விரல் வெடித்து, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தவர். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. மரம் போகத்தான் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, தொட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் இதைத் தொட்டியில் வளர்ப்பார்கள். அங்கே பயம் உறைபனி. மைனஸ் ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் இளங்கன்று தாங்காது, அதனால் குளிர்காலத்தில் தொட்டியைக் கண்ணாடி அறைக்குள் நகர்த்துவார்கள். கொடைக்கானலில் மார்கழி, தையில் ஏரிப்பக்கம் புல்லில் உறைபனி பூத்தாலும் மரம் அசையாது. ஆனால் அது 2,000 மீட்டருக்கு மேல். நம் செம்பட்டியில் பனியா கொல்லும்? சித்திரை வெயில்! அதுவும் மொட்டை மாடி. தளம் கொதிக்கும், தொட்டி கொதிக்கும், வேர் வெந்துபோகும். அப்பாவே ஒருமுறை இரண்டு கன்று கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். தினமும் இரண்டு குடம் ஊற்றியும் ஆடி மாதத்துக்குள் இரண்டும் கருகிவிட்டன. "மலையில இருக்கறதுக்குக் கீழ மூச்சு முட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தக் குழியில் முருங்கைப் போத்து ஊன்றினார்.

"ஒரு தொட்டியில ஒரு செடி வெச்சா ஊரா அழிஞ்சிடும்?" என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. செம்பட்டியில் வைத்தால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை, செடிக்குத்தான் கெடுதல். கொடைக்கானலில் பங்களா வாசலில் அழகுக்காக வைக்கிறார்களே, அதுதான் வேண்டாம் என்பேன். அங்கே விதை விழுந்தால் பிழைத்துக்கொள்ளும்.

மஞ்சள் பூதான் வேண்டும் என்றால் ஆவாரையை வையுங்கள். போகிக்குக் காப்புக் கட்ட பூளைப்பூவோடு தேடி அலைகிறோமே, அது தொட்டியிலும் வரும். இதன் விதைக்கும் தோல் கெட்டிதான். லேசாக உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். செம்மண்ணும் மணலும் பாதிப் பாதி, ஒரு கை எரு. வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி, தண்ணீர் அதிகமானால்தான் சாகும். மொட்டு மொட்டாக உருண்டைப் பூதான் வேண்டும் என்றால் கஸ்தூரி வேல் இருக்கிறது. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் எப்போதோ வந்து நம் கரிசல் மண்ணோடு ஒட்டிவிட்டது. பூ அப்படி மணக்கும். பிரான்சில் அதிலிருந்து அத்தர் எடுக்கிறார்கள். நாம்தான் பீவேலம் என்று பெயர் வைத்து வேலிக்கு வெளியே தள்ளிவிட்டோம். முள் உண்டு, பேரன் பேத்தி ஓடுகிற முற்றத்தில் வேண்டாம். இடம் நிறைய இருக்கிறவர்கள் வாகை வைக்கலாம். இலையும் பூவும் பார்த்தால் வாட்டிலுக்குச் சித்தப்பா முறை என்று தெரியும்.

பேத்தி கொண்டுவந்த செடியை மாடிக்கு ஏற்றவில்லை. கிழக்குத் திண்ணையோரம், வேப்பமர நிழலில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் முதலில் "பாட்டி எங்கே" என்று கேட்பவள், இப்போது "செடியைக் காட்டுங்க" என்கிறாள். கீழ் இலைகள் உதிர ஆரம்பித்துவிட்டன. பக்கத்துத் தொட்டியில் போட்ட ஆவாரை மூன்று முளை விட்டிருக்கிறது. இரண்டுக்கும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆவாரைக்கு ஒரு சொம்பு, அப்பா மரத்துக்கு இரண்டு.