மதுரை மல்லிக்குப் பொறந்த வீடு எங்க ஊரு!

ஹாஸ்டல்ல தினமும் ஒரே பஞ்சாயத்து. 'எங்க மதுரை மல்லி மாதிரி வருமா?'ன்னு ரூம்மேட் அலட்டுவா. 'அடியே, உன் மல்லிக்குப் பொறந்த வீடே எங்க தங்கச்சிமடம்தான்'னு சொன்னா, 'ராமேஸ்வரத்துல கருவாடுதானே கிடைக்கும்?'ங்கிறா. கொழுப்பு!

நிஜம் என்னன்னா ஃப்ரெண்ட்ஸ்... மதுரைப் பக்கம் நடுற மல்லிகை நாத்துல நிறைய, ராமேஸ்வரம் தீவுல வளர்ந்ததுதான். குண்டு மல்லியை விதை போட்டு வளர்க்கிறதில்ல. குச்சியை நறுக்கி மணல் பாத்தியில நெருக்கமா ஊன்றி, தண்ணி காட்டி, மாசக்கணக்கா காத்திருக்கணும். எங்க மணல் பொலபொலன்னு இருக்கும். வேர் சுலபமா ஓடும், பிடுங்கும்போது அறாம வரும். அப்புறம் கட்டுக் கட்டா பாம்பன் பாலம் தாண்டி ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பயணம்!

2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம்தான். ஆனா கணக்கைப் பாருங்க... பனிக்காலத்துல வரத்து குறைஞ்சா பூ கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும். நாத்துக்கு? சில ரூபாய். அதுவும் ஒரே தடவை. நட்ட செடி பத்து வருஷத்துக்கு மேல பூக்கும், வாங்கினவர் ஏன் திரும்பி வரப் போறார்?

நான் படிக்கிறது கெமிக்கல். மல்லி மணத்துல இண்டோல்னு ஒரு அயிட்டம் இருக்கு. மலத்துலயும் அதே இண்டோல்தான்! (ரூம்மேட்கிட்ட சொன்னேன், ரெண்டு நாள் பூவே வைக்கல.) ஒரு டன் பூவைக் கரைப்பான்ல ஊற வெச்சா, சென்ட்டுக்கான மெழுகு ரெண்டு கிலோகூடத் தேறாது. அந்த மெழுகை ஆல்கஹால்ல கழுவி எடுக்கிறதுதான் வெளிநாட்டு பாட்டில்ல போகுது.

போன லீவுல அம்மா பாத்தியில குனிஞ்சு குச்சி ஊன்றிட்டு இருந்தாங்க. என் செமஸ்டர் ஃபீஸ் அதுலதான் வருது. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தப்ப, 'நாமளும் பூவுக்கே விடலாமேம்மா, காசு கூட வருமே'ன்னேன். அம்மா சிரிச்சாங்க. 'மொட்டு விரியுறதுக்குள்ள, விடியக்காலையில தினமும் பறிக்கணும். ஆள் கூலி யார் குடுப்பா? நீ வர்றியா?'

அஞ்சாவது செமஸ்டர் வரைக்கும் படிச்ச எனக்குப் பதில் வரல. அப்புறமா, 'அடுத்த லீவுக்கு ஒரு பாத்தியைப் பிடுங்காம வையும்மா'ன்னு கேட்டேன்.

'அலாரம் வெச்சு எந்திரிப்பியா?'ன்னாங்க.