சத்தத்தை மாத்துங்கோ, சாட்சியை மாத்தாதேங்கோ

கச்சேரி வீடியோ ஒன்றின் சத்தம் இரைச்சலாக இருந்தால், அதை வெட்டி எறிந்துவிட்டு எங்கேயோ இருந்து ‘கிளீனான’ ஓடியோ ஒன்றை எடுத்து ஒட்டுவது இப்ப ஒரு பொதுச்சேவை மாதிரி ஆகிவிட்டது. கனபேர் நன்றியும் சொல்லுகினம். எனக்கு இருப்பது ஒரே கேள்விதான். ஒட்டினது அதே இரவின் சத்தமா, வேறொரு இரவின் சத்தமா?

அதே இரவின் சத்தம் என்றால் நானும் கை தட்டுவன். அது லேசுப்பட்ட வேலை இல்லை. மிக்சரில் இருந்து நேரே பதிந்த கசற் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும்; பாட்டுக்குப் பாட்டு இழுத்துச் சரிபார்க்க வேண்டும். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். மேடையில் இருந்து 100 மீற்றர் தள்ளி நின்ற கமராவில், படத்துக்குக் கிட்டத்தட்ட 0.3 செக்கன் பிந்தித்தான் சத்தம் பதிந்திருக்கும். புது ஓடியோவை அந்தப் பழைய சத்தத்தோடு பொருத்தினால் பிழை. பாடுபவரின் உதட்டோடு பொருத்த வேண்டும். மிக்சர் பதிவில் சனத்தின் சத்தம் அவ்வளவாக இராது, அதனால் கூட்டத்துக்குள் பதிந்ததையும் சேர்த்துக் கலக்க வேண்டும். கிரேற்புல் டெட் இசைக்குழுவின் ரசிகர்கள் இதற்கு ‘மேற்றிக்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதுதான் மீட்பு வேலை.

வேறு இரவின் சத்தத்தை ஒட்டுவது மீட்பு இல்லை, ஏமாற்று. இது யூரியூப் பெடியள் கண்டுபிடித்ததும் இல்லை. 1965 ஓகஸ்ட் 15, நியூயோர்க் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் பாடியபோது 55,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதைப் படமாக்கினார்கள். ஆனால் 1966 ஜனவரியில் குழுவை லண்டன் ஸ்ரூடியோ ஒன்றுக்குக் கூப்பிட்டு, சில பாட்டுகளைத் திரும்ப வாசிக்க வைத்து, அந்தச் சத்தத்தைப் படத்தில் ஏற்றினார்கள். ரிங்கோ பாடிய ‘அக்ற் நச்சுரலி’க்கு ஏற்கெனவே வெளிவந்த இசைத்தட்டின் பதிவையே போட்டார்கள். ரிங்கோவின் வாய் அரங்கில் அசையுது, குரல் ஸ்ரூடியோவில் இருந்து வருது!

“கேக்க நல்லா இருக்குத்தானே, பிறகென்ன?” என்று கேட்பீர்கள். நல்லாக் கேட்கிறதுக்குத்தான் இசைத்தட்டு இருக்கே. அந்த இரவின் முக்கியமான விசயமே, சனத்தின் அலறலில் பாடுபவர்களுக்குத் தங்கட சத்தமே கேட்காமல் போனதுதான். ஒரு வருசம் கழித்து, 1966 ஓகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணக் கச்சேரிகளையே அவர்கள் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதற்கு அந்த அலறலும் ஒரு காரணம், ஒரு சாட்சி. அதைத் துடைத்துவிட்டால் பார்ப்பவனுக்கு என்ன விளங்கும்?

எங்கட பக்கம் வாங்கோ. கோயில் திருவிழா மேளக்கச்சேரியை யாரோ ஒருவர் ஃபோனில் பிடித்திருப்பார். தவில் ஓங்கி விழுந்தவுடன் ஃபோன் தானாகவே ஒலிப்பதிவின் அளவைக் குறைக்கும், நாதஸ்வரம் அமுங்கிப் போகும், ஜெனரேற்றர் உறுமும். மோசமான பதிவுதான். ஆனால் தவில்காரர் அந்த இரவில் வாசித்த தனியை எவரும் எழுதி வைக்கவில்லை. நாளைக்கு அவரே அதை அப்படியே வாசிக்கவும் மாட்டார். அதற்கு மேல் ஒரு சீடீயை ஒட்டினால், திரையில் ஒருவரின் விரல், காதில் இன்னொருவரின் அடி. முதல் ஆளின் உழைப்பு போச்சு. பத்து வருசம் கழித்து அந்த வீடியோவைப் பார்த்துப் படிக்க வரும் பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது பொய்.

இந்தப் பொய் பீற்றில்ஸை அழிக்காது. அவர்களுக்கு ஆயிரம் பதிவு இருக்கு, பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆய்வாளர்களும் இருக்கினம். எங்கட கலைஞர்கள் கனபேருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஃபோன் வீடியோதான்.

ஆகவே ஓடியோவில் கை வைக்கிறவர்களே, மூன்றே மூன்று விசயம். எந்த இடத்தில், எந்த நாளில் பதிந்த சத்தம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கோ. பழைய சத்தத்தோடு உள்ள மூல வீடியோவை அழிக்காதேங்கோ. அதே இரவின் வேறு பதிவு கிடைக்காவிட்டால், இருக்கிறதில் உள்ள இரைச்சலைக் குறைக்கப் பாருங்கோ. அதுவும் சரிவராவிட்டால் அப்படியே விடுங்கோ. கரகரத்தாலும் அது அந்த மனிசன் வாசித்தது.