கம்பீர் போனா அடுத்து யாரு? கோச் நாற்காலி பற்றி ரசிகர்கள் கேட்க மறக்கும் கேள்விகள்

குவாஹாட்டி டெஸ்ட்டில் 2025 நவம்பர் 26-ம் தேதி தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது இந்தியா. ரன் கணக்கில் பார்த்தால், இந்திய டெஸ்ட் வரலாற்றிலேயே மோசமான தோல்வி இதுதான். இதற்கு முன் 2004-ல் நாக்பூரில் ஆஸ்திரேலியாவிடம் 342 ரன்களில் தோற்றதுதான் பெரிய அடியாக இருந்தது.

மேட்ச் முடிந்த கையோடு தலைமைப் பயிற்சியாளர் கௌதம் கம்பீருக்கு எதிராக ஸ்டேடியத்திலேயே கோஷம் கிளம்பியது. ராத்திரிக்குள் சோஷியல் மீடியாவில் அடுத்த கோச் லிஸ்ட்டும் ரெடி. 'லக்ஷ்மணைக் கொண்டு வாங்க', 'டிராவிட்டையே திரும்பக் கூப்பிடுங்க', 'டெஸ்ட்டுக்குத் தனி கோச் போடுங்க' எனப் பெயர்களும் யோசனைகளும் குவிந்தன.

கோபம் நியாயமானதுதான். ஆனால் 'யாரு?' என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருபவரின் கையில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

2024 ஜூலையில் கம்பீர் பொறுப்புக்கு வந்தபோது, சொந்த மண்ணில் வரிசையாக 17 டெஸ்ட் தொடர்களை ஜெயித்திருந்தது இந்தியா. பிறகு வங்கதேசத்தை வென்றதும் அது 18 ஆனது. அடுத்த தொடரிலேயே நியூசிலாந்து வந்து 3-0 என்று சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. 12 ஆண்டு கோட்டை சரிந்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் 1-3. இப்போது தென்னாப்பிரிக்காவிடம் 0-2. நியூசிலாந்து தொடரில் தொடங்கி சொந்த மண்ணில் ஆடிய ஏழு டெஸ்ட்டில் ஐந்தில் தோல்வி. ஜெயித்த இரண்டும் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரானவை.

இதே காலகட்டத்தில்தான் சாம்பியன்ஸ் டிராபியும் ஆசியக் கோப்பையும் வந்தன. இங்கிலாந்தில் இளம் அணியை வைத்துக்கொண்டு 2-2 என்று டிரா செய்ததும் இவர் காலத்தில்தான். குவாஹாட்டி தோல்விக்குப் பிறகு கம்பீரும் இதைத்தான் நினைவூட்டினார். தன் எதிர்காலத்தை பிசிசிஐ முடிவு செய்யட்டும் என்றும் சொன்னார். அவருடைய ஒப்பந்தம் 2027 இறுதி வரை இருக்கிறது.

எது கம்பீரின் தப்பு, எது இல்லை?

வாக்குவாதம் குழம்புவது இங்கேதான். இந்திய அணியின் 15, 16 பேர் பட்டியலைத் தேர்வு செய்வது அஜித் அகர்கர் தலைமையிலான தேர்வுக் குழு. அதிலிருந்து களமிறங்கும் 11 பேரை முடிவு செய்வது கேப்டனும் கோச்சும். அட்டவணை போடுவது பிசிசிஐ. உள்ளூர் கிரிக்கெட்டை நடத்துவதும் பிசிசிஐ.

அப்படிப் பார்த்தால் கம்பீர் பதில் சொல்ல வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கொல்கத்தா டெஸ்ட்டில் வாஷிங்டன் சுந்தரை 3-ம் இடத்தில் இறக்கிவிட்டு, அடுத்த டெஸ்ட்டிலேயே 8-ம் இடத்துக்குத் தள்ளி, 3-ம் இடத்தை சாய் சுதர்சனுக்குக் கொடுத்தார்கள். ரெண்டு பேருமே நம்ம ஊர் பசங்க. இருவரில் யாருக்கும் தன் இடம் எதுவென்று தெரியாத நிலை. அதே கொல்கத்தாவில் பந்து சுழன்று எகிறிய பிட்ச்சில் 124 ரன் இலக்கைத் துரத்தி 93-ல் ஆல் அவுட் ஆனது இந்தியா. தாங்கள் கேட்ட பிட்ச்தான் அது என்று கம்பீரே சொன்னார். ஸ்பெஷலிஸ்ட் பேட்ஸ்மேன்களைக் குறைத்து ஆல்ரவுண்டர்களை நிரப்புவதும் அவர் காலத்து முத்திரை. இந்த விமர்சனங்களுக்கு அவர்தான் பொறுப்பு.

ஆனால் அஸ்வின், ரோஹித், கோலி மூவரும் ஐந்து மாத இடைவெளிக்குள் டெஸ்ட்டில் இருந்து விலகியதால் வந்த வெற்றிடத்தை எந்த கோச்சாலும் ஒரே சீசனில் நிரப்ப முடியாது. நவம்பர் 8-ம் தேதி பிரிஸ்பேனில் டி20 தொடரை முடித்த வீரர்களில் சிலர், 14-ம் தேதி கொல்கத்தாவில் டெஸ்ட் ஆட வேண்டியிருந்தது. நாளைக்கே லக்ஷ்மண் வந்தாலும் இதே அட்டவணைதான், இதே தேர்வு முறைதான்.

அதிகாரம் இல்லாத கோச் என்ன ஆவார்?

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2011 உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது கோச்சாக இருந்தவர் கேரி கிர்ஸ்டன். 2024 ஏப்ரலில் அவரை ஒன்டே, டி20 அணிகளின் கோச்சாக நியமித்தது பாகிஸ்தான். அக்டோபரில் புதிய தேர்வுக் குழு வந்தது. தேர்வில் கோச்சுக்கு இருந்த பங்கு பறிபோனது. அந்த மாதமே கிர்ஸ்டன் ராஜினாமா. தன் அணியுடன் ஒரு ஒன்டே மேட்ச்சில்கூட அவர் உட்காரவில்லை. டெஸ்ட் கோச் ஜேசன் கில்லெஸ்பியும் டிசம்பரில் கிளம்பிவிட்டார். டெஸ்ட்டுக்கும் வெள்ளைப் பந்துக்கும் தனித்தனி கோச், ரெண்டு பேரும் பெரிய பெயர்கள். ரசிகர்கள் கேட்பது அத்தனையும் அங்கே இருந்தது. அதிகாரம் மட்டும் இல்லை.

பெரிய பெயர் வேணுமா?

2024 மே மாதம் டிராவிட்டுக்குப் பின் யார் என்று பிசிசிஐ தேடியபோது, விண்ணப்பத்துக்கு ஒரு கூகுள் ஃபார்மைப் பொதுவெளியில் விட்டது. மோடி, டெண்டுல்கர், தோனி பெயர்களிலெல்லாம் போலி விண்ணப்பங்கள் வந்து விழுந்ததாகச் செய்திகள் வெளியாகின. பாண்டிங், லாங்கர், ஃப்ளெமிங் என்று இன்னொரு பக்கம் யூகங்கள். எந்த முன்னாள் ஆஸ்திரேலிய வீரரையும் அணுகவில்லை என்று அப்போதைய பிசிசிஐ செயலாளர் ஜெய் ஷா அறிக்கையே விட வேண்டியிருந்தது. கடைசியில் ஆலோசனைக் குழு நேர்காணல் செய்தவர்களில் கம்பீரோடு சென்னையின் டபிள்யூ.வி.ராமனும் இருந்தார். யூகப் பட்டியல்களில் அவர் பெயர் பெரிதாக அடிபடவே இல்லை.

2025 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவை 2-0 என்று வீழ்த்திய தென்னாப்பிரிக்காவின் கோச் ஷுக்ரி கான்ராட், சர்வதேச கிரிக்கெட் ஆடியதே இல்லை. உள்ளூர் அணிகள், நேஷனல் அகாடமி, அண்டர்-19 அணி எனப் பல வருடம் கீழ்மட்டத்தில் வேலை பார்த்துவிட்டு 2023-ல் டெஸ்ட் அணிக்கு வந்தவர். ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப். இப்போது, 2000-க்குப் பிறகு இந்திய மண்ணில் தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி.

இன்னொருவர் அமோல் முஸும்தார். முதல்தர கிரிக்கெட்டில் 11,000 ரன்களுக்கு மேல் குவித்தும் இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆட வாய்ப்பு கிடைக்காதவர். 2023 அக்டோபரில் மகளிர் அணியின் கோச் ஆனார். 2024 டி20 உலகக் கோப்பையில் அணி லீக் சுற்றோடு வெளியேறியது. 2025 ஒன்டே உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. அக்டோபர் 19-ம் தேதி இந்தூரில் இங்கிலாந்திடம் 4 ரன்னில் தோற்ற அன்று ஓட்டெடுப்பு வைத்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 2-ம் தேதி, ஹர்மன்ப்ரீத் கையில் உலகக் கோப்பை.

ஸாவியே வந்தாலும்..?

பெரிய பெயர் மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தியக் கால்பந்து ஒரு பாடம். 2025 ஜூலையில் இந்திய அணியின் கோச் வேலைக்கு வந்த 170 விண்ணப்பங்களில் பார்சிலோனா முன்னாள் கோச் ஸாவியின் பெயரும் இருப்பதாகச் செய்தி பரவியது. பணம் கட்டுப்படியாகாது என்பதால் பரிசீலிக்கவில்லை என்று விளக்கம் வேறு. ஊரே பேசியது. கடைசியில் ஸாவி, பெப் கார்டியோலா பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனமே அறிவித்தது.

அந்த நாற்காலியின் உண்மைக் கதை வேறு. இகோர் ஸ்டிமாச்சுக்கு 2026 வரை ஒப்பந்தம் கொடுத்துவிட்டு 2024 ஜூனில் பாதியில் அனுப்பினார்கள். அவருக்கு இழப்பீடும் தர வேண்டி வந்தது. அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ், எஃப்சி கோவாவுக்கும் தேசிய அணிக்கும் ஒரே நேரத்தில் கோச்சாக இருந்தார். எட்டு மேட்ச்சில் ஒரே ஒரு வெற்றியோடு விடைபெற்றார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். 2016-17 சீசனில் மிசோரமின் சின்ன கிளப்பான ஐஸ்வால் எஃப்சியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். திறமையில் சந்தேகமில்லை. ஆனால் ஐஎஸ்எல் சீசன் ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டதால், லீக் ஆடாத வீரர்களை வைத்துத்தான் அவர் அணி கட்ட வேண்டியிருந்தது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. லீக்கே நடக்காத நாட்டில் நிஜ ஸாவி வந்து என்ன செய்திருப்பார்?

சிஎஸ்கே கதை என்ன சொல்லுது?

ஐபிஎல் கோச்சின் வேலை வேறு மாதிரி. ஏலத்தில் யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதிலேயே அவர் பங்கு இருக்கிறது. அதனால் பொறுப்பும் அதிகம். 2025-ல் சிஎஸ்கே முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் முடிந்தது. 14 மேட்ச்சில் நாலே வெற்றி. சேப்பாக்கத்திலேயே அடுத்தடுத்துத் தோல்வி. 2009-ல் இருந்து கோச்சாக இருக்கும் ஸ்டீஃபன் ஃப்ளெமிங் போதும் என்ற குரல் மஞ்சள் ஜெர்சிகளுக்கு நடுவிலேயே கேட்டது.

நிர்வாகம் ஃப்ளெமிங்கை மாற்றவில்லை. அணியை மாற்றியது. சீசனின் நடுவிலேயே ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் ப்ரெவிஸ், உர்வில் பட்டேல் வந்தார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2025 டிசம்பர் 16-ம் தேதி நடந்த மினி ஏலத்துக்கு 43.4 கோடி ரூபாய் கையில் இருந்தது. பிரச்சினை வயதான அணியா, கோச்சா என்ற கேள்விக்கு சிஎஸ்கே தன் பதிலைச் சொல்லிவிட்டது. அது சரியா தப்பா என்பதைச் சொல்ல வேண்டியது 2026 சீசன்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஏழு சீசன் டெல்லியில் இருந்தும் கோப்பை வெல்லாத ரிக்கி பாண்டிங், பஞ்சாபுக்குப் போன முதல் வருடமே அணியை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். ஆள் அதே ஆள்தான். கூடவே ஏலத்தில் 26.75 கோடிக்கு ஷ்ரேயஸ் ஐயர் என்ற கேப்டனும், புதிதாகக் கட்டிய அணியும் கிடைத்தன.

கோச்சை மாத்தினா பலன் இருக்குமா, இருக்காதா?

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டுக் கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை ஆராய்ந்தார். கோச்சை நீக்கிய கிளப்களின் ரிசல்ட் பிறகு மேம்பட்டது உண்மை. ஆனால் அதே அளவு சரிவில் இருந்தும் கோச்சை வைத்துக்கொண்ட கிளப்களும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டு வந்தன. காரணம் எளிது. கோச்சை நீக்குவது எப்போதும் படுமோசமான கட்டத்தில்தான். அதற்கு மேல் இறங்க இடமில்லாதபோது, யார் வந்தாலும் கிராஃப் கொஞ்சம் ஏறும். பெயர் புது கோச்சுக்குப் போகும்.

அதற்காக யாரையும் மாற்றவே கூடாது என்று அர்த்தமில்லை. கோச்சின் கையில் இருக்கும் விஷயங்களிலேயே திரும்பத் திரும்பத் தப்பு நடந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். கம்பீர் விஷயத்தில் டெஸ்ட் பேட்டிங் வரிசையும் சொந்த மண் பிட்ச்சும் அந்தப் பட்டியலில் வருகின்றன. இந்தியாவின் அடுத்த சில டெஸ்ட்களில் அவை மாறுகிறதா என்பதுதான் அவருக்கான நிஜப் பரீட்சை.

கிரிக்கெட் வாரியத்தைப் பார்த்துக் கேட்கவும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டெஸ்ட்டுக்கு முன்னால் தயாராக எத்தனை நாள் கொடுக்கிறீர்கள்? அணித் தேர்வில் கோச்சின் பேச்சுக்கு எவ்வளவு எடை? கோச்சை எந்த அளவுகோலில், எப்போது மதிப்பிடுவீர்கள்? இவற்றுக்குப் பதில் வராதவரை கம்பீர் போகலாம், லக்ஷ்மண் வரலாம். 'அடுத்து யாரு?' என்ற ஹேஷ்டேக் மட்டும் இன்னொரு பெயரோடு திரும்ப டிரெண்டாகும்.