அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் 'ட்யூப்' வாங்கிப் பூசலாமா? மலை கிராமம் முதல் மாநகரம் வரை தொடரும் ஸ்டீராய்டு க்ரீம் சிக்கல்

கொல்லிமலையில் மிளகுத் தோட்டத்திலோ அன்னாசிக் காட்டிலோ வேலை செய்யும் ஒருவருக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எங்கே போவார்?

தோல் டாக்டரைப் பார்க்க பெரும்பாலும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போயாக வேண்டும். பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போச்சு. அதனால், "கீழே போறப்ப அரிப்புக்கு ஒரு ட்யூப் வாங்கிட்டு வாப்பா" என்று யாரிடமாவது சொல்லி அனுப்புவதுதான் சுலபமான வழி.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது என்பதில்தான் பிரச்சனையே தொடங்குகிறது.

ஸ்டீராய்டு க்ரீம் என்றால் என்ன?

தோலில் ஏற்படும் அழற்சியை, அதாவது சிவத்தல், வீக்கம், அரிப்பை அடக்கும் மருந்து இது. 1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டார்கள். கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமை போன்றவற்றுக்கு இன்றுவரை முதல் வரிசை மருந்து இதுதான்.

எல்லா ஸ்டீராய்டும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல. ஹைட்ரோகார்டிசோன் லேசானது. மொமெட்டாசோன் நடுத்தரத்துக்கு மேல். க்ளோபெட்டாசோல் மிக வீரியமானது. ஆனால் பார்ப்பதற்கு மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை க்ரீம்தான்!

பூசினால் அரிப்பு நிற்கிறதே, அப்புறம் என்ன?

அங்கேதான் சிக்கல். படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. அதில் ஸ்டீராய்டு பூசினால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் குறையும். ஆனால் பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு சக்தி அடங்கிப்போவதால் அது இன்னும் வசதியாகப் பரவும். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். மறுபடி அதே ட்யூபை வாங்குவார்கள். இந்தச் சுற்று மாதக்கணக்கில் ஓடும்.

பூஞ்சைக்கு எதிரான மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த க்ரீம்கள் இந்தியாவில் தாராளமாக விற்றதும், படர்தாமரை லேசில் குணமாகாத நோயாக மாறியதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

சொறி சிரங்கும் இப்படித்தான். ஸ்டீராய்டு பூசினால் அடையாளம் மறைந்துவிடும். நோய் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தொற்றும்.

முகத்தில் பூசினால்?

மங்கு மறைய, முகம் வெளுக்க என்று பூசுபவர்கள் ஏராளம். 2011-ல் வெளியான ஆய்வில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சனையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் சுமார் 90% பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் டாக்டர் அல்லாத ஒருவர் சொல்லித்தான் பூச ஆரம்பித்திருந்தார்கள்.

தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரிவது, முகப்பரு, தேவையற்ற ரோமம், நிறம் மாறுவது, வெயிலில் நின்றால் எரிச்சல் ஆகியவை வரலாம். தொடை இடுக்கு, அக்குளில் பூசினால் அழியாத வரித் தழும்புகள் விழும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண் அழுத்தம் கூடி பார்வையே பாதிக்கப்படலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்து விதிகளின் 'அட்டவணை எச்' பட்டியலில் உள்ளவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் வெளிப்பூச்சு மருந்துகளுக்கு நீண்ட காலம் அதில் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளுக்குச் சீட்டு கட்டாயம் என அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளிலும் சில ஸ்டீராய்டு கலவை க்ரீம்கள் இருந்தன.

விதி வந்துவிட்டது. ஆனாலும் சீட்டு கேட்காமல் கொடுக்கும் பழக்கம் முழுதாக மாறவில்லை.

அப்போ ஸ்டீராய்டே ஆபத்தா?

இல்லை. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஸ்டீராய்டு' என்ற பேரைக் கேட்டதும் பயந்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூடப் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. கரப்பான் உள்ள குழந்தை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும் ஆபத்துதான். சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சரியான நாட்களுக்குப் பூசினால் இது பாதுகாப்பான மருந்தே.

எவ்வளவு பூச வேண்டும்?

பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும்.

ஒரு கணக்கு: ஒரு கையின் மணிக்கட்டுக்குக் கீழ் முன்னும் பின்னும் பூச ஒரு விரல் நுனி அளவு. இரண்டு கைக்கும் சேர்த்து 1 கிராம். தினம் ஒரு வேளை என்றால் 15 கிராம் ட்யூப் சுமார் இரண்டு வாரம் வரும். நாலே நாளில் காலியானால் அளவு கூடிப்போச்சு என்று அர்த்தம்.

கவனிக்க வேண்டியவை

• ட்யூபில் 'ஆர்எக்ஸ்' குறி இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். பெயர் 'சோன்', 'சோல்' என்று முடிந்தால் என்ன மருந்து என்று கேளுங்கள். 'சோல்' என்று முடிவதெல்லாம் ஸ்டீராய்டு அல்ல. க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து, க்ளோபெட்டாசோல் ஸ்டீராய்டு.
• க்ளோபெட்டாசோல் போன்ற வீரியமானவற்றைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் பூசக் கூடாது.
• ஒருவருக்கு எழுதிய ட்யூபை வீட்டில் இன்னொருவர் பூசக் கூடாது. குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.
• மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் திடீரென நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கடுமையாகலாம். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.
• வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லையா? தொழுநோயாக இருக்கலாம். எதையும் பூசாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிகிச்சை இலவசம்.

மலையில் இருப்பவர்களுக்கு என்ன வழி?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அங்கிருந்தே நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச, மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' இலவச சேவையும் இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய ட்யூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் டாக்டரால் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.