குதிரை மேல நம்ம திருச்செங்கோட்டுக்காரர்

ஐயப்பன்தாங்கல் டெப்போவுல ஏறி கிண்டி பக்கம் போறவங்க, நந்தம்பாக்கத்துல ராணுவ ஏரியாவைத் தாண்டித்தான் போகணும். ஜன்னல் சீட் கிடைச்சாலும் உள்ளே யார் இருக்காங்கன்னு யோசிச்சிருக்க மாட்டீங்க. ராணுவ அதிகாரின்னா நமக்கு வடநாட்டு மீசைதான் ஞாபகம் வரும். போலோ ஆடுற அதிகாரின்னா நேரா ராஜஸ்தான் மகாராஜாதான். மத்தபடி போலோன்னா ஓட்டை போட்ட மிட்டாய்!

ஆனா பாஸ், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துல ஒருத்தர் இருந்தார். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். 1913-ல் பிறந்தவர். அப்பா சுப்பராயன், 1926-ல் சென்னை மாகாண முதல் அமைச்சர் ஆனவர். தம்பி மோகன், தங்கச்சி பார்வதி கிருஷ்ணன் ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட்கள். அண்ணன் மட்டும் ஈட்டன் ஸ்கூல், வூல்விச் ராணுவ அகாடமி! அந்த வூல்விச், அப்போ பீரங்கிப்படைக்கும் இன்ஜினீயர் படைக்கும் ஆள் தயார் பண்ணின இடம். (நம்ம இனம்தான்!)

ஷோ ஜம்பிங், கிரிக்கெட், போலோன்னு கலக்கினார். போலோ லேசுப்பட்ட ஆட்டம் இல்ல. டீமுக்கு நாலு பேர். ஏழு நிமிஷத்துக்கு ஒரு 'சக்கர்'. குதிரைக்கு மூச்சு வாங்கிடும்கிறதால சக்கருக்குச் சக்கர் வேற குதிரை. இடது கைக்காரரா இருந்தாலும் மட்டை வலது கையிலதான். எதிரெதிரா பாய்ஞ்சு வர்றவங்க மோதிக்கக் கூடாதே!

1942 மே 27. லிபியா பாலைவனம், பிர் ஹக்கீம் பக்கம். அங்கே நின்ன 3-வது இந்திய மோட்டார் பிரிகேட்ல மூணு ரெஜிமென்ட்டும் கொஞ்ச வருஷம் முன்னாடி வரை குதிரைப்படை. இப்போ குதிரை போய் லாரி. எதிர்ல இத்தாலியோட அரியேட்டே டாங்க் டிவிஷன். காலையிலேயே டாங்க்குகள் ஏறி மிதிச்சிடுச்சு. பீரங்கிகளோட நின்னு காட்டின தைரியத்துக்கு குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது. ஆனா ஆள் கைதி.

இத்தாலியில அவெர்சா கேம்ப்ல அவரோட அடைபட்டிருந்தவங்கள்ல ஒருத்தர் பேரைக் கேளுங்க... யாஹ்யா கான்! அப்போ ரெண்டு பேரும் ஒரே ராணுவம். அப்புறம் நாடு பிரிஞ்சுது, 1965-ல் போரும் வந்துச்சு. 1966 ஜூன்ல குமாரமங்கலம் இந்திய ராணுவத் தளபதி ஆனார். அதே வருஷம் செப்டம்பர்ல பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஆனவர் யாஹ்யா கான்.

1969-ல் நம்மாளு ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் மானெக்‌ஷா. அவரை நமக்குத் தெரியும், 2023-ல் படமே வந்துடுச்சு. இவருக்கு?