ஆக்டிவ் டைரக்டரியை நீக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி கெட்டுவிட்டது, எப்படி நீக்குவது?" என்று கேட்டால், "டிசிப்ரமோ கட்டளையுடன் ஃபோர்ஸ்ரிமூவல் என்று சேர்த்துக் கொடுங்கள், போய்விடும்" என்ற பதில் உடனே கிடைக்கும். போய்விடும் என்பது உண்மைதான். கூடவே என்னவெல்லாம் போகும் என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை.

2009 தீபாவளிக்குப் பத்து நாட்கள் முன்பு, காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் என்னை அழைத்தார்கள். எட்டு கம்ப்யூட்டர்கள், விண்டோஸ் சர்வர் 2003 உள்ள ஒரே ஒரு சர்வர். முதல் நாள் மழையில் கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. காலையில் சர்வரை ஆன் செய்தால், டைரக்டரி சர்வீஸைத் தொடங்க முடியவில்லை என்ற செய்தி. ஓகே கொடுத்தால் ரீபூட் ஆகி மீண்டும் அதே செய்தி. வேடிக்கை என்னவென்றால், பில் போடுபவர்கள் வழக்கம்போல லாக்ஆன் செய்துவிட்டார்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டர் பழைய லாக்ஆன் விவரத்தைத் தன்னிடமும் வைத்திருக்கும். சர்வரில் இருந்த பில்லிங் போல்டர்தான் திறக்கவில்லை. "தம்பி, துணியெல்லாம் அலமாரியில இருக்கு, பில் போட வழியில்லையே" என்றார் முதலாளி.

எஃப்8 அழுத்தி டைரக்டரி சர்வீசஸ் ரெஸ்டோர் மோடில் நுழைந்தேன். இதற்குத் தனி பாஸ்வேர்ட் உண்டு. நல்லவேளை, காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தார்கள்! முதல் வேலையாக பில்லிங் போல்டரையும், என்டிடிஎஸ் போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். என்டிடிஎஸ்யுடில் மூலம் சோதித்தால் டேட்டாபேஸ் சரியில்லை. சிஸ்டம் ஸ்டேட் பேக்அப் இருக்கிறதா என்றால், அப்படி ஒன்றை யாரும் எடுத்ததே இல்லை. ஈசென்ட்யுடில் கொண்டு ரிப்பேர் செய்தேன். அது படிக்க முடியாத பக்கங்களை வீசிவிட்டு மீதியைச் சேர்க்கும். சர்வர் எழுந்தது, ஆனால் பயனாளர்களில் சிலரைக் காணோம். இனி நீக்குவதுதான் வழி.

நீக்கியதும் சர்வர் வொர்க்குரூப்பில் உள்ள தனி சர்வராகிவிடும். டிரைவில் உள்ள பைல்கள் அழியாது. ஆனால் யாருக்கு அனுமதி என்ற பட்டியலில் பெயர்கள் போய் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்கள் நிற்கும். ஓனர்ஷிப் எடுத்து அனுமதிகளைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். என்கிரிப்ட் செய்த பைல்கள் இருந்தால் நீக்குவதற்கு முன்பே டீகிரிப்ட் செய்துவிடுங்கள்.

எட்டு கம்ப்யூட்டர்களையும் டொமைனிலிருந்து விலக்க வேண்டும். விலக்கும் முன் ஒவ்வொன்றிலும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் நான் பார்க்கவில்லை. ரீஸ்டார்ட் ஆன பின் உள்ளே நுழைய முடியாமல் அன்று மாலை பாதி அதிலேயே போனது. புதிய பெயரில் லாக்ஆன் செய்த கவுன்டர் பெண், டெஸ்க்டாப் காலியாக இருப்பதைப் பார்த்து அழாத குறை. பழைய பைல்கள் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் போல்டரில் பழைய பெயரிலேயே பத்திரமாக இருந்தன.

எட்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு டொமைன் எதற்கு என்பதுதான் என் கேள்வி. "பெரிய கம்பெனிகளில் இப்படித்தான்" என்று சொல்லி யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் டொமைன் கன்ட்ரோலர் இரண்டாவது இருக்கும். ஒன்று கெட்டால் அதை நீக்கி, மற்றதில் மெட்டாடேட்டா கிளீன்அப் செய்து, கெட்டதிடம் இருந்த பொறுப்புகளை மாற்றிக்கொண்டால் பயனாளர் பட்டியல் அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்று இருந்து அதையும் நீக்கினால் டொமைனே இல்லை. இரண்டாவது வாங்க மனமில்லாதவர்கள் டொமைன் போடாமல் இருப்பதே மேல்.

சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலையில் முடிந்துவிட்டது. சர்வர் 2012 முதல் டிசிப்ரமோ விசார்டும் இல்லை, பவர்ஷெல் கட்டளை உண்டு. பெயர் மாறினாலும் போவது அதேதான்.

அந்தக் கடையில் அன்று இரவு ஒன்பதரைக்கு முதல் பில் பிரின்ட் ஆனது. எட்டு கம்ப்யூட்டர்களையும் வொர்க்குரூப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன். யு.பி.எஸ்-க்குப் புது பேட்டரி மறுநாள் வந்தது.